சின்ன பிஸ்டலும் சிவப்பு புள்ளியும்: உங்க கட்டுரைக்கு தக்கலையில இருந்து ஒரு பதில்

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பரோட ஞாயித்துக்கிழமை இணைப்புல, அமெரிக்காவுல இப்பம் ஓகோன்னு விக்கிற சின்ன பிஸ்டலப் பத்தி, மேல சிவப்பு புள்ளி சைட் (குறி பாக்கிற கண்ணாடி) மாட்டுறதுக்கு தோதா வர்ற மாடல், ஒரு பக்கம் முழுசா போட்டிருந்தீங்க. படம் எல்லாம் கொள்ளாம். ஆனா எழுதுனவரு வெப்பன் கையில பிடிச்சு பழகுன ஆளா தெரியல. புள்ளி எங்க விழுதோ குண்டு அங்கதான் போகும், குறி பாத்து பழக வேண்டாம், பேண்ட் பாக்கெட்ல போட்டா வெளிய தெரியாது அப்படின்னு மூணு வரி வந்துச்சு பாருங்க, மூணும் தப்பு. செல்போன் ரிவ்யூ எழுதுற மாதிரி எழுதித் தள்ளிட்டாரு.

நான் ஆர்மியில ஹவில்தாரா இருந்து பென்ஷன் வந்தவன், பெறவு நாகர்கோவில்ல பேங்க் பணம் கொண்டு போற வண்டியில பன்னெண்டு போர் ரெட்டைக்குழலோட கன்மேனா கொஞ்ச காலம் நின்னவன். அதனால துப்பாக்கின்னு பேப்பர்ல எது வந்தாலும் டீக்கடையில என்னையத்தான் பிடிச்சு வெச்சு கேப்பாங்க. அது வழக்கம். இந்த தடவ டீக்கடை இல்ல, பக்கத்து தெருவுல ஒரு அம்மா வீடு தேடி வந்துட்டா. மகன் டல்லாஸ்ல ஐடி வேலை, ராத்திரி லேட்டா வீட்டுக்கு வாறவன், உங்க பக்கத்த போட்டோ எடுத்து வாட்ஸாப்ல அனுப்பி, ஒண்ணு வாங்கி வெச்சுக்கோ மக்களேன்னு சொல்லியாச்சாம். இதுல எது நல்ல கம்பெனி அண்ணேன்னு என்கிட்ட கேக்கா. நம்ம மாவட்டத்துல வீட்டுக்கு ஒருத்தன் வெளிநாட்டுல கெடக்கான், இப்படி எத்தன போட்டோ போயிருக்கும்னு நெனச்சதும்தான் இத எழுத உக்காந்தேன்.

அந்த அம்மா மகனுக்கு எச்1பி விசா. அங்க உள்ள ஃபெடரல் சட்டப்படி டூரிஸ்ட் விசா, ஸ்டூடண்ட் விசா, எச்1பி மாதிரி தற்காலிக விசாவுல போனவன் பொதுவா துப்பாக்கியும் வெச்சிருக்கக்கூடாது, ரவுண்டும் (தோட்டாவும்) வெச்சிருக்கக்கூடாது. முறையா எடுத்த வேட்டை லைசன்ஸ் இருந்தா விதிவிலக்கு உண்டு, அது மாதிரி இன்னும் ஒண்ணு ரெண்டு, அவ்வளவுதான். கிரீன் கார்டு ஆயிட்டா இந்த தடை கெடையாது. டல்லாஸ் இருக்கிற டெக்சாஸ்ல 2021 செப்டம்பர் 1ல இருந்து 21 வயசு ஆனவன் லைசன்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி கொண்டு நடக்கலாம்னு சட்டம் வந்தது வாஸ்தவம், ஆனா அது துப்பாக்கி வெச்சிருக்கவே தடை இல்லாத ஆளுக்கு. நம்ம பையனுவ முதல் பாதிய மட்டும் கேட்டுட்டு கடைக்கு போறானுவ. மாட்டுனா ஃபெடரல் கேஸு, ஜெயிலு, விசாவும் போச்சு. உங்க கட்டுரையில இதப்பத்தி ஒரு எழுத்து இல்ல ஐயா.

எனக்கு இது எப்படி தெரியும்னா, ஹூஸ்டன்ல என் அக்கா மகன் இருக்கான், அங்க சிட்டிசன் ஆயிட்டான், அவன் வீட்டுக்கு போயிருந்தப்ப சுட்டுப் பழகுற ரேஞ்சுக்கு கூட்டிட்டு போனான். விசிட்டர் விசாக்காரன் தொடக்கூடாதுன்னு அங்கன சொல்லிட்டாங்க. இருபது வருஷத்துக்கு மேல வெப்பனோட கெடந்தவன், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் காதுல மஃப் மாட்டிட்டு கைய கட்டி நின்னேன். கொஞ்சம் கடுப்பாத்தான் இருந்துச்சு, ஆனா சுடுறவன விட பாத்துட்டு நிக்கிறவனுக்குத்தான் நெறைய தெரியும், ட்ரெயினிங்ல இருந்தவங்களுக்கு அது புரியும்.

அவன் வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு மாடல வாடகைக்கு எடுத்து சுட்டுப் பாத்தான். ஒண்ணு கிளாக் 19, இன்னொண்ணு கிளாக் 43எக்ஸ், ரெண்டும் ஸ்லைடுல (மேல முன்னும் பின்னும் ஓடுற பாகம்) சைட் மாட்ட வெட்டு விட்டு வர்ற மாடல். 19ங்கிறது 15 ரவுண்ட் பிடிக்கும், பேரல் நாலு இன்ச், காலி மேகசினோட (ரவுண்டு போடுற டப்பா) 670 கிராம் பக்கம் வரும். 43எக்ஸ் மெல்லிசு, 10 ரவுண்ட், அரை கிலோவுக்கு கொஞ்சம் மேல, அவ்வளவுதான். நாங்க ஆர்மியில பிடிச்ச 9 எம்எம் 1ஏ, ஈசாப்பூர்ல செஞ்சது, 13 ரவுண்டு, முழு இரும்பு, அதோட பக்கத்துல வெச்சா இது வெளையாட்டு சாமான் கணக்கா இருக்கும். ஆனா எடை கொறையக் கொறைய உதை கூடும், அந்த கணக்கு எந்த கம்பெனிக்காரனாலயும் மாத்த முடியாது. 19ல பையன் டப்பு டப்புன்னு ரெண்டு வெடி போட்டா ரெண்டும் பக்கத்துல பக்கத்துல கெடந்துச்சு, 43எக்ஸ்ல ரெண்டாவது வெடி தோள்பட்டைக்கு போயிருச்சு. இடுப்புல சொருகிட்டு குனிஞ்சு நிமிந்து கார்ல ஏறி எறங்குனப்பமோ அப்படியே நேரெதிர், 19 சட்டைக்கு மேல முட்டிகிட்டு நின்னுச்சு, சின்னது இருக்கிற எடமே தெரியல. மறைச்சு கொண்டு நடக்கிற துப்பாக்கியில முதல்ல பாக்க வேண்டியது இந்த இழுபறியத்தான், சைட்டெல்லாம் பெறவு.

இப்பம் அந்த சிவப்பு புள்ளி. அது லேசர் இல்லீங்க, நெறைய பேரு லேசர்னே நெனைக்காங்க, உங்க கட்டுரையில போட்ட படத்துலயும் சுவத்துல சிவப்பு கோடு வரைஞ்சு வெச்சிருக்கீங்க. உள்ள பின்பக்கம் ஒரு பொடி எல்ஈடி இருக்கும், அது முன்னால உள்ள கோட்டிங் போட்ட கண்ணாடியில பட்டு நம்ம கண்ணுக்கு திரும்பி வரும், அவ்வளவுதான். எதிர்ல நிக்கிறவனுக்கு ஒண்ணும் தெரியாது. அதுல பெரிய லாபம் என்னன்னா, பழைய சைட்டுல பேக்சைட் (பின்னால உள்ள வெட்டு), ஃபோர்சைட் (முன்னால உள்ள குச்சி), டார்கெட் மூணையும் ஒரு கோட்டுல கொண்டு வரணும், கண்ணு ஃபோர்சைட் டிப்புல நிக்கணும்னு ட்ரெயினிங் குடுக்கிற உஸ்தாது கத்துவாரு. வெள்ளெழுத்து விழுந்தவனுக்கு அந்த டிப்பு கலங்கித்தான் தெரியும், எனக்கு இப்பம் அப்படித்தான். புள்ளி சைட்டுல டார்கெட்ட மட்டும் பாத்தா போதும், ரெண்டு கண்ணையும் திறந்து வெச்சுக்கிடலாம், புள்ளி அது மேல தானா வந்து நிக்கும். அம்பது வயசுக்காரனுக்கு இது வரம்தான், அத நான் மறுக்கல.

ஆனா புள்ளி தானா வந்து நிக்கணும்னா கை பழகியிருக்கணும். அன்னிக்கு பையன் உறையில இருந்து எடுத்து நீட்டினான், கண்ணாடி உள்ள ஒண்ணுமே இல்ல. முழி பிதுங்க தேடுறான், பிஸ்டல மேலயும் கீழயும் ஆட்டுறான். "மாமா, பேட்டரி போச்சா?"ன்னு திரும்பி என்னையப் பாக்கான், அதும் குழல திருப்பாம திரும்புனான், அந்த மட்டுக்கு நல்ல புள்ள. பேட்டரி எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. அவன் மணிக்கட்டு மேல் நோக்கி மடங்கியிருந்ததுனால முனை தூக்கிக்கிட்டு நின்னுச்சு, முனை தூக்குனா புள்ளி கண்ணாடிக்கு மேல ஓடிரும், அவனுக்கு எப்படி தெரியும். ஃபோர்சைட்ட முதல்ல பிடி, புள்ளி பின்னால வரும்னு சொல்லிக் குடுத்த பெறவு கொஞ்சம் சரியாச்சு. பழைய சைட்டா இருந்தா முனை கொஞ்சம் தூக்கி இருந்தாலும் எங்க நிக்கிதுன்னு கண்ணுக்கு தெரியும், இதுல ஒண்ணு புள்ளி இருக்கும், இல்லைன்னா வெறும் கண்ணாடி. குறி பாத்து பழக வேண்டாம்னு நீங்க எழுதுனது அதனாலதான் எனக்கு பொறுக்கல. புள்ளி சைட்டுக்கு பழக்கம் கூடத்தான் வேணும், வீட்டுல காலி வெப்பன வெச்சு, ரவுண்ட் எல்லாம் வேற ரூம்ல வெச்சுட்டு, என்எஸ்பி, அதாவது உள்ள ரவுண்டு இல்லன்னு உறுதி பண்ற ஆர்மி சோதனை, பண்ணிட்டு, தெனமும் எடுத்து நீட்டி நீட்டி பழகணும்.

புள்ளி விழுற எடத்துல குண்டு போகும்ங்கிறதும் சும்மா போகாது. ஜீரோ பண்ணணும். மாட்டுன உடனே புள்ளி ஒரு பக்கம் இருக்கும், குண்டு ஒரு பக்கம் போகும், சின்ன ஸ்க்ரூவ திருகித் திருகித்தான் ரெண்டையும் ஒண்ணா கொண்டு வரணும். புள்ளியோட சைஸ் எம்ஓஏன்னு போட்டிருப்பான், ஒரு எம்ஓஏன்னா 100 மீட்டர்ல கிட்டத்தட்ட 3 சென்டிமீட்டர். அப்ப 6 எம்ஓஏ புள்ளி 25 மீட்டர்ல நாலரை சென்டிமீட்டர் எடத்த மறைக்கும், கைக்கு எட்டுற தூரத்துல அது ஒரு பிரச்சனையே இல்ல, பெரிய புள்ளி சீக்கிரம் கண்ணுல படும். பத்தடி, இருபதடி தூரத்துக்கு கொண்டு நடக்கிறவனுக்கு பெருசு கொள்ளாம், பேப்பர்ல நுணுக்கமா சுடுறவனுக்கு 2, 3 எம்ஓஏ. கடைக்காரன் இதக் கேக்காமலே விப்பான்.

இன்னொண்ணு யாருமே எழுத மாட்டாங்க, அதுதான் ப்ளேட்டும் ஸ்க்ரூவும். சைட் மாட்ட தயாரா வர்ற பிஸ்டல்னா எல்லா சைட்டும் மேல உக்காரும்னு அர்த்தம் இல்ல. ஒவ்வொரு கம்பெனி சைட்டுக்கும் அடிப்பாகம் வேற வேற அளவு, ஸ்க்ரூ ஓட்டை வேற வேற எடம். மெல்லிசு பிஸ்டல்ல பெரிய சைட் உக்காராது. நடுவுல ஒரு தகடு போட்டுத்தான் மாட்டணும், தகடு போட்டா சைட் இன்னும் உசரும், உசந்தா பழைய சைட்டு கண்ணாடிக்குள்ள தெரியாது. பேட்டரி போச்சுன்னா அப்பம் ரெண்டும் கெட்டான். அதனால வாங்குறதுக்கு முன்னாடி, இந்த சைட்டு இந்த ஸ்லைடுல தகடு இல்லாம உக்காருமா, உக்காந்தா ஃபோர்சைட் கண்ணாடி வழியா தெரியுமா, இத ரெண்டையும் கண்ணால பாத்துட்டுத்தான் காசு குடுக்கணும். ஸ்க்ரூ நீளம் கூடிருச்சுன்னா சில மாடல்ல உள்ள எக்ஸ்ட்ராக்டர் ஓடுற குழியில முட்டி, காலி கேஸ் வெளிய வராம சிக்கும். கொறஞ்சா நாலு மேகசின் சுட்டதும் சைட்டு ஆடும். அக்கா மகன் டார்க் ரெஞ்சு (முறுக்கு அளவு காட்டுற ஸ்பானர்) வெச்சு அளவா முறுக்கி, லாக்டைட் பசை ஒரு சொட்டு விட்டு, பெறவு பொண்டாட்டியோட நகப்பாலிஷ எடுத்து ஸ்க்ரூ தலையில இருந்து சைட்டு மேல வரைக்கும் ஒரு கோடு போட்டான். கோடு முறிஞ்சு தெரிஞ்சா ஸ்க்ரூ இளகிருச்சுன்னு அர்த்தம். ரோஸ் கலரு. அந்த வீட்டம்மா அதப் பாத்து சிரிச்சா, ஆனா நான் அங்க பாத்ததுலயே உருப்படியான வேலை அதுதான்.

பேட்டரியும் அப்படித்தான், சிஆர்2032 மாதிரி ரூபா வட்டத்துல ஒண்ணு, வருஷக்கணக்குல வரும்ங்கான். சில சைட்டுல பேட்டரி அடியில இருக்கும், மாத்தணும்னா சைட்டையே கழட்டணும், கழட்டி மாட்டுனா ஜீரோ சரியா நிக்கிதான்னு திரும்ப ரேஞ்சுக்கு போய் பாக்கணும். பக்கவாட்டுலயோ மேலயோ மூடி வெச்சது வாங்குனா இந்த தலைவலி இல்ல.

ஹூஸ்டன் நம்ம குளச்சல் மாதிரி ஊருதான் பாத்துகிடுங்க, புழுக்கம்னா அப்படி ஒரு புழுக்கம். ஏசி ரூம்ல இருந்து வெளிய வந்ததும் சைட்டு கண்ணாடி வேர்த்து வெள்ளையா போச்சு, துடைச்ச பெறவுதான் புள்ளி தெரிஞ்சுது. திறந்த மாடல்னா மழைத்தண்ணி ஒரு சொட்டு அந்த எல்ஈடி மேல விழுந்தா புள்ளி சிதறி பூ மாதிரி தெரியும், வேர்வையில நூலும் தூசியும் வேற போய் அடையும். டப்பா கணக்கா ரெண்டு பக்கமும் அடைச்ச மாடல் இப்பம் வருது, கொஞ்சம் எடை கூட, விலையும் கூட, ஆனா இடுப்புல வேர்வையோட கெடக்கிற சாமானுக்கு அதுதான் சரின்னு என் அபிப்பிராயம். முட்டத்துலயும் கடியபட்டணத்துலயும் உப்புக்காத்துல ஜன்னல் கம்பி என்ன ஆகுதுன்னு நமக்கு தெரியாததா, அந்த பொடி ஸ்க்ரூவும் ஸ்ப்ரிங்கும் மட்டும் தப்பிக்குமா.

பாக்கெட் விஷயம். உறை இல்லாம பாக்கெட்ல போடுறது தற்கொலைக்கு சமம். இந்த சின்ன பிஸ்டல் நெறையதுல வெளியில தனியா சேஃப்டி கிடையாது, ட்ரிகர் உள்ள போனா வெடிக்கும், அது விரலா, வீட்டுச் சாவியா, கர்ச்சீப் முடிச்சான்னு அதுக்கு தெரியாது. ட்ரிகர சுத்தியுள்ள வளையத்த முழுசா மூடுற கெட்டி உறை, அதும் சைட்டுக்கு எடம் விட்டு வெட்டுனது, அத பிடிச்சு நிக்கிற அளவுக்கு கட்டியான பெல்ட்டு, இது ரெண்டும் இல்லாம மறைச்சு கொண்டு நடக்கிற பேச்சே பேசக்கூடாது. சாரம் கட்டிட்டு மடியில சொருகலாமான்னு டீக்கடையில ஒருத்தன் கேட்டான். அவனுக்கு நான் சொன்ன பதில பேப்பர்ல போட முடியாது.

இனி நம்ம ஊரு கதை. கட்டுரையப் படிச்சுட்டு இங்கயும் இது கெடைக்குமான்னு கேக்குறாங்க. கெடைக்காது. இந்த கிளாக் ரெண்டும் 9 எம்எம், அது இங்க தடை செஞ்ச போர் (குழல் அளவு), சாதாரண ஆளுக்கு கலெக்டர் ஆபீஸ்ல லைசன்ஸ் தர முடியாது. வெளிநாட்டுல இருந்து துப்பாக்கி எறக்குமதி சாதாரண ஜனங்களுக்கு 1980களோட நடுவுலயே நின்னாச்சு, பேரு வாங்குன ஷூட்டர்ஸுக்கு மட்டும் வழி உண்டு. லைசன்ஸ் கெடச்சா பெரும்பாலும் பாயிண்ட் 32 தான், ஈசாப்பூர் அஷானி பிஸ்டல், கான்பூர் ரிவால்வர் மாதிரி, ஆறு ரவுண்டு, நிர்பீக்குன்னு 2014ல டைட்டானியம் கலந்து அரை கிலோவுல ஒண்ணு விட்டான், அப்பவே லட்சத்து இருபத்திரெண்டாயிரம் சொச்சம். இது எதுலயும் புள்ளி சைட்டு மாட்ட ஸ்லைடுல வெட்டு கெடையாது. ஆயுதச் சட்டத்துல 2019ல வந்த திருத்தத்துக்கு பெறவு ஒரு ஆளுக்கு ரெண்டு வெப்பன்தான், முன்னால மூணு, லைசன்ஸ் அஞ்சு வருஷத்துக்கு ஒருக்க புதுப்பிக்கணும். ரவுண்டு எத்தனன்னு லைசன்ஸ்லயே எழுதியிருக்கும், அதுக்கு மேல வாங்க முடியாது, அமெரிக்காக்காரன் மாதிரி ஒரு மத்தியானத்துல எரநூறு ரவுண்டு சுட்டு பழகுறதெல்லாம் நடக்காத காரியம்.

லைசன்ஸ் வெச்சிருக்கவனும் மண்டைக்காடு கொடைக்கோ, சுசீந்திரம் தேருக்கோ, கோட்டார் சவேரியார் கோயில் திருவிழாவுக்கோ இடுப்புல சொருகிட்டு போக முடியாது, கூட்டம் கூடுற எடத்துக்கு கொண்டு போகக்கூடாதுன்னு லைசன்ஸ் கண்டிஷன்லயே இருக்கு. எலெக்ஷன் வந்தா பொதுவா ஸ்டேஷன்ல ஒப்படைச்சிரணும். 2024 ஏப்ரல்ல நாடாளுமன்றத்துக்கும் விளவங்கோடு இடைத்தேர்தலுக்கும் சேத்து ஓட்டு போட்டமே, அப்பவும் ரசீது வாங்கிட்டு குடுத்தவங்கள எனக்கு தெரியும். கல்யாண வீட்டுல மேல பாத்து வெடி போட்டா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல லட்ச ரூபா வரைக்கும் ஃபைன், அதும் அந்த 2019 திருத்தத்துல வந்ததுதான்.

நம்ம மாவட்டத்துல துப்பாக்கி பேச்சு எடுத்தா கடைசியில களியக்காவிளைக்குத்தான் வந்து நிக்கும். 2020 ஜனவரி 8ந்தேதி செக்போஸ்ட்ல எஸ்எஸ்ஐ வில்சன சுட்டுக் கொன்னாங்க. ட்யூட்டியில உக்காந்திருந்த போலீஸ்காரருக்கே இந்த கதின்னா நாமளும் ஒண்ணு வெச்சிருக்கணும்னு அன்னையில இருந்து சிலபேரு சொல்லிட்டு திரியானுவ. நல்லா பழகுனவனுக்கே சட்டைக்கு அடியில இருந்து எடுத்து முதல் வெடி போட ஒண்ணரை, ரெண்டு செகண்ட் ஆகும் ஐயா. முடிவு பண்ணிட்டு வந்து பக்கத்துல நின்னு சுடுறவன் அந்த ரெண்டு செகண்ட் தர மாட்டான். புள்ளி சைட்டு அதுல எத்தன செகண்ட மிச்சம் பிடிக்கும்னு உங்க கட்டுரைக்காரரு எழுதட்டும் பாப்போம்.

அக்கா மகன் கடைசியில 43எக்ஸ்தான் எடுத்தான், அடைச்ச சைட்டு போட்டு. நானா இருந்தாலும் அதத்தான் எடுத்திருப்பேன், ஆனா சைட்டு மாட்டாம ஒரு ஆறு மாசம் பழகிட்டு பெறவு மாட்டியிருப்பேன். அவன் கேக்கல, பணம் அவனது.

உங்ககிட்ட கேக்குறது ஒண்ணுதான். அந்த எச்1பி விசா விஷயத்த அடுத்த ஞாயித்துக்கிழமை திருத்தம்னு கட்டம் கட்டி போடுங்க, உங்க பக்கத்த போட்டோ எடுத்து அனுப்புன அம்மாமாரு அதையும் போட்டோ எடுத்து அனுப்புவாங்க. எடம் இல்லன்னா என் கடிதத்துல மீதி எல்லாத்தையும் வெட்டிருங்க, அது மட்டும் வந்தா போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹவில்தார்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.